பூந்தமல்லிக்கு ஒரு பஸ், சுண்டுவிரலுக்கு ஒரு நரம்பு

நரம்பு அறுந்தவரைக் கூட்டிக்கொண்டு வைத்தியத்துக்கு அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1994 மழைக்காலம், நாங்கள் அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் குடியிருந்தோம். என் கணவர் சேவியர் அம்பத்தூரில் ஃபிட்டர். இரும்புத் தகடு வலது மணிக்கட்டைக் கிழித்து, சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது. தைத்து மூன்று மாதமாகியும் விரலில் உணர்ச்சி இல்லை. அது திரும்பாவிட்டால் வாட்ச்மேன் வேலைதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மனிதர் அதற்குச் சம்மதிக்கிற ஆளா!

பூந்தமல்லியில் நரம்புக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினோம். அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர் தாண்டி ஆவடி, கால் மணி நேரம். அங்கிருந்து பூந்தமல்லி பஸ்ஸில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். முந்தின நாள் மழையில் பருத்திப்பட்டு ஏரி நிரம்பி, ரோடும் தண்ணீரும் ஒரே வெளுப்பாகக் கிடந்தன. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. எனக்குக் கண் சொக்கித் தூக்கம் வந்துவிட்டது.

ஓடுகிற இயந்திரம் எதைப் பார்த்தாலும் விரல் வைத்து அதிர்வைப் பார்ப்பது ஃபிட்டர்களின் பழக்கம். இவர் டிரைவர் பக்கத்து இஞ்சின் மூடியில், மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு, உணர்ச்சி வந்துவிட்டதா என்று சுண்டுவிரலை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"யோவ் அண்ணாத்தே, கைய எடு! கொதிச்சிகினு கீது, தெரில?" என்று டிரைவர் கத்தினார்.

"தெரிலப்பா" என்றார் இவர். விரல் நுனி கொப்புளித்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை ஏரியில் தள்ளியிருப்பேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் டாக்டரம்மாவின் கிளினிக். கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு, மணிக்கட்டிலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கையில் பாதி தூரம் வந்ததும், "சுர்ருங்குது" என்றார் இவர்.

"அதுவரைக்கும் நரம்பு வளர்ந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் போகும்" என்றார் டாக்டரம்மா. "அறுந்த நரம்பு நியூரோபெப்டைடுன்னு குட்டிக் குட்டிப் புரதத் துணுக்குகளைத் தானே உண்டாக்கும். சுத்தியிருக்கிற செல்களை எழுப்பி, நரம்பு வளர அது உதவுதுன்னு ஆராய்ச்சி நடக்குது. அதுல சிலது வலியைச் சொல்ற வேலையும் பார்க்குது."

"வெரலு வந்துருமா டாக்டர்?"

"வழியில இருக்கு. வந்து சேரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

இந்த வழியில் போகிறவர்கள் இஞ்சினுக்குத் தள்ளியே உட்காருங்கள். மரத்த கையில் சூடான டீ கிளாஸைக் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் பலன் கேட்டு டாக்டரை நச்சரிக்காதீர்கள், நான் நச்சரித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். மறுபடி எதையாவது தொட்டுவிடுவாரோ என்று அந்தக் கையை இறுகப் பிடித்திருந்தேன்.

"மெதுவா புடிடி, வலிக்குது" என்றார்.

"எங்க?"

உள்ளங்கையின் ஓரத்தைக் காட்டினார். மூன்று மாதமாகக் கிள்ளினாலும் தெரியாத இடம். நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அலறினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.