பேராலயத்தில் பாதியில் நின்ற பாட்டு

பெங்களூருக்குப் பிளேக் வந்த வருஷம் அது, 1898. ஜோகுபாளையத்தில் எலிகள் பட்டப்பகலில் வீட்டுக்குள் வந்து, தள்ளாடி, தரை நடுவிலேயே விழுந்து செத்தன. பியாட்ரிஸ் அவற்றை முறத்தில் அள்ளிக் கொல்லையில் போட்டு எரித்துவிட்டுக் கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவுவாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவுவாள்.

மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்துவந்தாள். நல்ல குரல். கணவன் ஓஸ்வால்ட் கண்டோன்மென்ட்டில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவன். பிள்ளைகள் இல்லை. அந்த அக்டோபரில் பேராலயத்தில் ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் பாடும் கச்சேரியில் முதல் தடவையாகத் தமிழ்ச் சபைப் பெண்களும் ஒரு கீர்த்தனை பாட அனுமதி கிடைத்திருந்தது. முதல் அடியைத் தனியாக எடுக்க வேண்டியவள் பியாட்ரிஸ்.

கச்சேரி அன்று காலை ஓஸ்வால்ட் எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. அவள் விரல் பட்டதும் அலறினான். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"கதவச் சாத்து, பியாட்ரிஸ். யார் காதுலயாச்சும் விழப்போவுது."

அவள் கதவைச் சாத்தினாள். இருவருக்கும் தெரியும். போன வாரம்தான் அடுத்த தெரு ஃபாத்திமா வீட்டுக்குப் பிளேக் சோதனைக்காரர்கள் வந்தார்கள். கூரை ஓட்டைப் பிரித்துப்போட்டு, பாய் தலையணையெல்லாம் தெருவில் குவித்துக் கொளுத்தி, ஃபாத்திமாவையும் அவள் தம்பியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே பிளேக்காரர்களை அடைத்துவைக்கும் கொட்டகைக்குப் போனார்கள். தம்பி அங்கேயே செத்துப்போனான் என்றார்கள். ஃபாத்திமா என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நான் போவல. உங்களை இப்படி விட்டுட்டு எப்படிங்க போறது?"

"போவலைன்னா பாதிரியார் ஆள் அனுப்புவாரு. ஆள் வந்தா அவ்வளவுதான். பாடிட்டு ஜல்தியா வந்துரு."

தலைமாட்டில் கஞ்சியும் தண்ணீரும் வைத்தாள். வெளுத்த சேலையை உடுத்திக் கதவைப் பூட்டிக்கொண்டு மத்தியானமே கிளம்பினாள். வீட்டுக்குள் ஆள் இருக்கிறதை மறைப்பதற்குத்தான் பூட்டு. பாதித் தூரம் போனபிறகுதான், நெருப்புப் பிடித்தால் அவரால் வெளியே வர முடியாதே என்று தோன்றியது. திரும்பிப் போகக் கால் எழுந்தது. ஆனால் சாலை முனையில் சிப்பாய்களும் ஒரு நர்ஸும் போகிறவர் வருகிறவரை நிறுத்திக் கைநாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது திரும்பினால் சந்தேகப்படுவார்கள்.

நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஏன் இப்படிப் படபடன்னு அடிக்குது?"

"கோயில்ல பாடணும். பயம்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே கையை விட்டாள்.

பேராலயத்தின் பக்கத்து அறையில் பாடகிகள் காத்திருந்தார்கள். மர நாற்றத்திலும் மெழுகு நாற்றத்திலும் அவளுக்குக் குமட்டியது. தனக்கும் வந்துவிட்டதோ? யாரும் பார்க்காதபோது கையைக் கக்கத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வலித்தது. அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்தானே என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.

அப்போது ஜோசஃபின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டில் இவளுக்கு அடுத்து நிற்பவள். மடியில் பல் முளைக்காத பெண்குழந்தை.

"என்னாக்கா, இப்படி வேர்க்குது?" என்று தன் முந்தானையால் பியாட்ரிஸின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துவிட்டாள். குழந்தை எச்சில் வழிய இளித்தது. ஜோசஃபின் அதே முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள்.

பியாட்ரிஸ் குழந்தையின் வாயையே பார்த்தாள். சொன்னால் ஓஸ்வால்ட் போய்விடுவான். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தை. கதவு திறந்து, பாதிரியார் "வாங்கம்மா, உங்க முறை" என்று கூப்பிட்டார். குழந்தையை யார் கையிலோ கொடுத்துவிட்டு ஜோசஃபின் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பீடத்துக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். முன் பெஞ்சுகளில் துரைமார்களும் தொப்பி வைத்த துரைசானிகளும். பின்னால் தமிழ்ச் சபையார். ஆர்கன் ஆரம்பித்தது. பியாட்ரிஸ் எடுக்க வேண்டிய இடம் வந்து போயிற்று. ஆர்கன் வாசிப்பவர் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"அக்கா, எடு," என்று ஜோசஃபின் கிசுகிசுத்தாள்.

பியாட்ரிஸ் கையை உதறிவிட்டு விலகி நின்றாள்.

"எங்க வூட்ல பிளேக் இருக்கு. என் வூட்டுக்காரருக்கு நெறி கட்டியிருக்கு. யாரும் என் கிட்ட வராதீங்க."

பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து முன் வரிசைத் துரைசானிகள் புன்னகைத்தார்கள். பின்னால் தமிழர்கள்தான் முதலில் எழுந்தார்கள். ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. யாரோ ஆங்கிலத்தில் கத்தியதும் முன்வரிசையும் கலைந்தது. வாசலில் ஒருவரையொருவர் தள்ளினார்கள். ஆர்கன் வாசிப்பவர் இந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததால், கோயில் பாதி காலியான பிறகும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

ஜோசஃபின் மட்டும் நகரவில்லை. தன் முந்தானையைப் பார்த்தாள்.

"என் புள்ள வாயத் தொடச்சேனே," என்றாள். "பாவி, அப்பவே சொல்றதுக்கு என்னா?"

முந்தானையைக் கிழித்து எறிந்துவிட்டு அலறிக்கொண்டு ஓடினாள்.

கூட்டத்திலிருந்த ஒரு ராணுவ டாக்டர் எட்ட நின்றபடியே வீடு எங்கே என்று கேட்டார். வண்டி வந்து அவளையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனது. பூட்டைத் திறந்தபோது ஓஸ்வால்டுக்கு நினைவு இருந்தது. வந்தவர்களைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நீயா சொன்னே?"

"ஆமாங்க."

அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர்கள் இருவரும் வண்டியில் ஏறும்போதே தலைக்கு மேல் ஓடு பிரிக்கும் சத்தம் கேட்டது.

கொட்டகையில் அவன் பிழைக்க மாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கட்டி உடைந்தது. ஜுரம் இறங்கியது. எப்படிப் பிழைத்தான் என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு நோய் வரவேயில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் தூங்கியதில்லை. பக்கத்துப் பாயில் முனகல் நின்றால் பயம், முனகினாலும் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு வண்டியையும் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பாள். அதில் குழந்தையோடு ஜோசஃபின் இருக்கிறாளா என்று தேடுவாள். வண்டி போன பிறகு அடுத்த வண்டி.

ஒரு காலை வேலிக் கயிற்றுக்கு அப்பால், வெகு தூரத்தில் ஜோசஃபின் வந்து நின்றாள். கையில் குழந்தை இல்லை. பியாட்ரிஸ் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா!" என்று ஜோசஃபின் கத்தினாள். "புள்ள நல்லாருக்கு. அம்மா வூட்ல உட்டுட்டு வந்தேன். இங்க தூக்கிட்டு வரப் பயமாருக்கு."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள்.

ஓஸ்வால்ட் அவளிடம் சரியாகப் பேச வெகுநாள் ஆயிற்று. காலில் சின்ன நொண்டலோடு மறுபடியும் அச்சுக்கூடத்துக்குப் போனான். வீட்டுக் கூரைக்கு வேறு ஓடு போட்டார்கள். பியாட்ரிஸ் கோயிலுக்கு வந்தால் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காராத ஞாயிறுகள் நிறைய இருந்தன. ஒரு ஞாயிறு ஜோசஃபின் வந்து, நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். குழந்தை அந்த இடத்தில் தவழ்ந்து வந்து பியாட்ரிஸின் சேலையைப் பிடித்தது. பியாட்ரிஸ் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல், மூச்சைப் பிடித்தபடி இருந்தாள்.

"தூக்குக்கா," என்றாள் ஜோசஃபின்.