கடைசி வண்டியை மட்டும் எண்ணினேன்

அந்த எண்ணம் என்னைப் பிடித்தது கல்லடிப் பாலத்தின் நடுவில், சைக்கிளுக்குக் காற்றுப் போய் நின்ற ஒரு காலையில். நெல் மூட்டைகளோடு மூன்று லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டக்களப்பு நகரத்துப் பக்கம் போயின. கீழே வாவியில் ஒரு வள்ளம்கூட இல்லை. புகையிரத நிலையத்தில் வெறும் சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்பதை முதல்நாள்தான் பார்த்திருந்தேன். தண்ணீர், தண்டவாளம், தார் றோட்டு. எங்கள் பகுதிச் சாமான்கள் இந்த மூன்றுக்கும் இடையே இத்தனை வருடமாக எப்படி இடம் மாறின என்று ஒரே தாளில் மூன்று கோடு கீறிப் பார்த்தால் என்ன? சைக்கிளை உருட்டிக்கொண்டே நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோருக்கு ஓடினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோடு கீறத் தெரிந்தவனுக்கு உலகம் விளங்கிவிடும் என்று நம்பியிருந்தேன்.

நான் அங்கே எழுத்து வேலை பார்க்கும் தற்காலிக லிகிதர். கந்தோர் வேலை முடிந்த பிறகு புகையிரதச் சரக்குப் புத்தகங்களையும் நகரத்து இறங்குதுறையின் பழைய பதிவேடுகளையும் தூசி தட்டிப் பிரதி எடுத்தேன். றோட்டுக்குப் புத்தகம் எதுவும் இருக்கவில்லை. அதனால் அறுவடைக் காலத்தில் பாலத்தடியில் நின்று லொறிகளை நானே எண்ணினேன். முந்தைய வருடங்களுக்கு லொறிக்காரர்களைக் கேட்டு எழுதினேன். லொறிக்குச் சிவப்பு, ரயிலுக்குக் கறுப்பு, வாவிக்கு நீலம். சிவப்பு ஏறியது, கறுப்பு மெல்லச் சாய்ந்தது, நீலம் செங்குத்தாக விழுந்து தாளின் அடியைத் தொட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கந்தோர்ப் பெரிய ஐயா தன் மேசைக்குப் பின்னால் சுவரில் அதை ஒட்டச் சொன்னார்.

அந்த மாரியில்தான் வெள்ளம் ஆரையம்பதிப் பக்கத்து இறங்குதுறையை உடைத்துக்கொண்டு போனது. அதைத் திருத்தித் தரும்படி மனு கொண்டுவந்தவர் அங்கே வள்ளம் ஓட்டும் தண்டயல். நான்கு வள்ளக்காரர்களின் கையெழுத்தும் அதில் இருந்தது. நாற்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்து கறுத்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். அவரை நிற்கவைத்து என் கோட்டுப் படத்தைக் காட்டினேன்.

"இந்த நீலந்தான் நாங்களா மனே?"

"ஓம்."

"நல்லா முங்கிப் போயிட்டம் போல கிடக்கு." சிரித்தார். பிறகு, "நேத்து ரெண்டு தரம் பாரம் ஏத்தின நான். அது எந்த இடத்துல கிடக்கு?" என்றார்.

ஒரு நாளை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது, வருடக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அவர் மனுவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மனுவோடு என் படத்தின் பிரதி மேலே போயிற்று. வாவிப் போக்குவரத்து அநேகமாக முடிந்துவிட்டதால் துறையைத் திருத்துவது அவசியமில்லை என்று பதில் வந்தது. அவருக்கு அனுப்பிய கடிதத்தைத் தட்டெழுதியவனும் நான்தான்.

அடுத்த போகத்தில் மூட்டைகளை இடுப்பளவு சேற்றில் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டியிருந்தது. நெல் நனைந்தது. வயற்காரப் போடிமார் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாவிக்கு மேற்கே வயல்கள் இருக்கும் படுவான்கரைக்கே லொறியை அனுப்பி, தூரம் என்றாலும் சுற்றுப் பாதையால் கொண்டுவரத் தொடங்கினார்கள். நான்கு வள்ளங்களும் வேலையில்லாமல் கரை மணலில் கவிழ்ந்து கிடந்தன.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் காத்தான்குடி லொறிக்கார நானா. பாலத்தடித் தேநீர்க் கடையில் என் கொப்பியைக் கண்டதும் கேட்டார்:

"தம்பி, இதில நிண்டு என்ட லொறிய எண்ணுனீங்க. அதில கிடந்த மூட்டை வாவிய எப்பிடிக் கடந்ததெண்டு கேட்டீங்களா? பறந்தா வந்த?"

அவர் சொல்லச் சொல்லக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். முன்பு வள்ளங்கள் நகரம் வரைக்கும் வந்தன. லொறிகள் ஆரையம்பதியில் காத்து நிற்கத் தொடங்கியதும், அரைநாள் மிச்சம் என்று வள்ளக்காரர் அங்கேயே இறக்கினார்கள்; நகரத்துத் துறைப் பதிவேட்டில் அவர்கள் இல்லாமல் போனது அதனால்தான். வாவியைக் கடந்தது வள்ளம். பாலத்தைக் கடந்தது லொறி. நான் ஒரு மூட்டைக்கு ஒரு வண்டி என்று, கடைசியாக அதைச் சுமந்து வந்ததை மட்டும் எழுதியிருந்தேன். வாவிப் போக்குவரத்து விழவில்லை, வள்ளங்களின் பயணந்தான் குறுகியிருந்தது. உண்மையில் விழுந்தது என் படத்துக்குப் பிறகுதான்.

வெளியே லொறியின் பாரத்துக்கு மேலே நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவர் தண்டயல். என்னைக் கண்டு கையை நிறுத்தாமலே கேட்டார்: "எண்ணி முடிஞ்சுதா மனே? இப்ப என்னையும் சிவப்புல போடுங்க."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அது நடந்து இரண்டு வருடம். பிழையை விளக்கி இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. என் படத்தை இன்னோர் அறிக்கையிலும் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்வி. இந்த முறை பாலத்தில் நிற்கப் போவதில்லை. படுவான்கரை வயல் வட்டையில் நெல் மூட்டை கட்டும் இடத்திலேயே தொடங்கி, ஒவ்வொரு மூட்டையும் எங்கே எதில் மாறுகிறது என்று கூடவே போய் எழுதப் போகிறேன். இதைத் தண்டயலிடம் சொன்னேன்.

"எண்ணுறதுக்கு வள்ளம் ஓட வேணுமே."

"உங்கட வள்ளம்?"

"அடிப்பலகை வெடிச்சுக் கிடக்கு. அதோட துறையுமில்ல."

ஓட்டித் தருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீலும் பஞ்சும் வாங்கி வைத்திருக்கிறேன். வெடிப்பு அடைக்க எனக்குத் தெரியாது, அவரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும், முதலில் மணலைத் தோண்டி அந்த வள்ளத்தை நிமிர்த்த வேண்டும்.