சாம்பல் பூச்சுக்குக் கீழே

போன மாதம் டொரொன்ரோ நகரத்து நடுவில், மகள் வேலை செய்கிற கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் அவளுக்காகக் காத்திருந்தபோது, சுவரில் ஒரு ‘ள’வைக் கண்டேன். சிரிக்காதீர்கள். சுவரை நிறைத்த ஒரு சாம்பல் படம். அதன் இடது மூலையில், பனிமூட்டத்துக்குள் நிற்கிற ஆளைப் போல, மங்கலாக ஒரு தமிழெழுத்து. எழுதியவன் நான். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அது வெளியே வரட்டும் என்று கறுவிக்கொண்டு காத்திருந்தவனும் நான்தான். கிட்டப்போய் மோந்து பார்த்தேன். காவலுக்கு நின்றவர் இருமினார். படத்தில் மணம் ஒன்றுமில்லை. ஆனாலும் மூக்குக்குள் ஓவியச் சாயத்தில் கலக்கிற லின்சீட் எண்ணெய் மணத்தது.

அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தொண்ணூறுகளின் நடுவில், இதே நகரத்தின் அஜின்கோர்ட் பகுதியில், ராசண்ணையின் படச்சட்டக் கடை வாசலுக்கு வந்துவிடலாம். கல்யாணப் போட்டோக்கள், சாமிப் படங்கள், ஊரில் செத்துப்போனவர்களின் பெரிதாக்கிய அடையாள அட்டைப் படங்கள். அந்த நாட்களில் கடைசி வகைதான் கூட வந்தது. நான் மரம் அறுப்பேன், மூலை பொருத்துவேன், ஊரில் சித்திரம் கீறியவன் என்ற பெருமையைத் தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி துடைப்பேன். அப்படி ஒரு நாள் ஹருமி வந்தாள். சப்பாத்தெல்லாம் பனி, தோளில் பாய் போலச் சுருட்டிய கன்வஸ். ஜப்பான்காரி, என் வயதுதான் இருக்கும். பின்தெருவில் மூடிப்போன தளபாடத் தொழிற்சாலையின் மேல்மாடியில் படம் கீறினாள்.

விரித்ததும் ராசண்ணை சொன்னார்: “உது படமே? அண்டர்கோட் அடிச்சுப்போட்டு பெயின்ற்காரன் சாப்பிடப் போன மாதிரிக் கிடக்கு.”

என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். “சரியாத்தான் சொல்லுறார், ஆனா நான் இன்னும் சாப்பிடப் போகேல்லை” என்றாள். அவளுடைய ஆங்கிலம் என் ஆங்கிலத்தைப் போலவே உடைந்தது. அதனால் இப்படி என் தமிழிலேயே தருகிறேன்.

தன் ஊரில் பத்து வருடம் கறுப்பு மையால் பெரிய பெரிய கோடுகள் கீறிப் பரிசு வாங்கியவள் அவள். ஒரு நாள் கோட்டின் மேல் வெறுப்பு வந்துவிட்டதாம். “கோடு பெருமை பேசும். பூச்சு பேசாது.” அதற்குப் பிறகு காலைக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு. காயவிட்டு, உரசி, மறுபடி பூச்சு. சொல்ல நினைத்ததையெல்லாம் மூடி முடித்தபின் மிஞ்சுவதுதான் படம் என்பாள். தலைப்பில்லை, மேல் கீழ் இல்லை. பின்புறத்தில் நாலு பக்கமும் அம்புக்குறி போட்டிருப்பாள், எப்படியும் மாட்டலாம் என்று.

மூன்று வருடம் பூசிய ஒரு பெரிய படத்தை அவள் ஓவியம் வைத்து விற்கிற ஒரு கலரிக்காரனிடம் கொடுத்திருந்தாள். அவன் அதை எங்கள் கடைக்குக் கொண்டுவந்தான். அழகான சால்வை, அதைவிட அழகான சிரிப்பு. வாங்க இருப்பவரின் வீட்டுச் சுவருக்குப் படம் பெரிதாம். நாலாக வெட்டவேண்டுமாம். “பார், அவளே கோடு போட்டிருக்கிறாள்” என்று பின்புறத்தைத் திருப்பினான். கரியால் ஒரு சிலுவைக் கோடு.

சட்டம் அடிக்கிற எவனுக்கும் தெரியும், அது பெரிய கன்வஸ் தொய்யாமல் பின்னால் குறுக்குச் சட்டம் வரவேண்டிய இடத்துக்கான அடையாளம். எனக்கும் தெரியும். அவன் என் தோளில் கைவைத்து, “நீயும் கலைஞன்தானே, உன்ரை கை நடுங்காது” என்றான். இந்த நாட்டில் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்ட முதல் ஆள். கத்தியை எடுத்து நாலாக வெட்டினேன். கை நடுங்கவே இல்லை.

ஹருமி வந்து நாலு துண்டையும் பார்த்தாள். “வெட்டுறதுக்குத்தான் கோடு எண்டு நினைச்சன். எனக்குத் தெரியாது” என்றேன். வெட்டிய ஓரத்தை விரலால் தடவிவிட்டு, “ஓம், உமக்குத் தெரியாதுதானே” என்றாள்.

அவள் வழக்குப் போடவில்லை, கத்தவில்லை. அந்தக் கலரிக்காரனே நகரத்து நடுவில் எழும்பிய ஒரு புதுக் கட்டடத்துக்குப் பெரிய படம் கேட்டபோது உடனே சம்மதித்தாள். ராசண்ணை, “சூடு சுரணை இல்லாத பெட்டை” என்றார். வெள்ளைக் கன்வஸை இழுத்து ஆணி அடித்துக் கொடுக்க அவள் மேல்மாடிக்குப் போனேன். அடித்து முடிந்ததும் என் கையில் ஒரு கரித்துண்டை வைத்தாள். “அவனைப் பற்றி எழுதும். உம்முடைய மொழியில.”

“மூடிப்போடுவீர்தானே?”

“எண்ணெய்ப் பூச்சு வயசு போகப் போகக் கண்ணாடியாகும். நான் அவசரப்படேல்லை.”

இடது மூலையில் ‘கள்ளன்’ என்று தொடங்கி, அவன் பெயரைப் போட்டு, ‘நாசமாய்ப் போவான்’ என்று முழு நீளத்துக்கு எழுதினேன். எழுதியபோது வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். வலது மூலையில் அவள் தன் மொழியில் ஒரு வரி எழுதினாள். பிறகு ஒன்றரை வருடம் பூசினாள். திறப்புவிழாவில் அவன் அந்தப் படத்துக்கு முன்னால், தன் பெயருக்கு நேரே நின்று, சால்வையைச் சரிசெய்து போட்டோவுக்குச் சிரித்தான். எடுபிடியாய்ப் போய் மூலையில் நின்ற எனக்கு வைன் அவ்வளவு ருசியாய் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆகவே போன மாதம் அந்த ‘ள’வைக் கண்டதும் நான் பசி வந்தவன் போல ஆகிவிட்டேன். வலது மூலைக்கு ஓடினேன். அங்கேயும் எழுத்து ஊறத் தொடங்கியிருந்தது. என் எழுத்தைவிடத் தெளிவாகவே. மகள் தன்னோடு வேலை செய்கிற ஜப்பான் பிள்ளையைக் கூட்டிவந்தாள். அந்தப் பிள்ளை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து வாசித்துச் சொன்னது:

‘கத்தி பிடித்தவனுக்குத் தெரியும்.’

அந்தக் கலரி இப்போது இல்லை. அவனும் போன வருடம், நல்ல பெயரோடு, நித்திரையிலேயே போய்விட்டான். ராசண்ணையின் கடை இருந்த இடத்தில் நகம் வெட்டிச் சாயம் பூசுகிறார்கள். தொழிற்சாலையை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். ஜப்பானுக்குத் திரும்பிய ஹருமியின் போஸ்ட்கார்ட் வராமல் பல காலம். அந்த எழுத்தை வாசிக்க வேண்டியவர்களில் மிஞ்சியவன் நான் ஒருவன்.

“அப்பா, ஆர் அந்தக் கத்தி ஆள்? டு யூ நோ?” என்று மகள் கேட்டாள்.

“எனக்குத் தெரியாது பிள்ளை” என்றேன்.

அன்று ஹருமிக்குச் சொன்ன அந்தப் பொய்யின் பூச்சு மட்டும் இன்னும் கண்ணாடியாகவில்லை.