பொருந்தாத பெயர்கள்

என்னை நம்பித் தந்த ஒரு காரியத்தை நான் கெடுத்தேன். எதிர்வீட்டு மூதாட்டி சொன்ன இடப்பெயர்களில் எனக்கு வசதியானவற்றைத் திரித்து அச்சில் போட்டேன். மிச்சத்தைக் கிழித்துக் குப்பைக்குள் எறிந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவன். அவர் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர். முன்னோர் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த கேலிக் மொழியைப் பேசுவார். அதை எழுதத் தெரியாது, பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே. பிறந்த கரையில் இப்போது குடியில்லை. அங்குள்ள பெயர்களைத் தமக்கையின் பேத்திக்காக எழுதித் தரச் சொன்னார்.

எழுத எழுத எனக்குப் புல்லரித்தது. அவர்களுக்கு நிலம் ஓர் உடம்பு. மலைத்தொடர் முதுகு, கடலுக்குள் நீளும் பாறை மூக்கு, ஏரியின் தொடக்கம் தலை. நான் தினமும் பயணம் செய்த டண்டாஸ் வீதியின் பெயருக்குள் 'தெற்குக் கோட்டை' என்ற பொருள் கிடந்தது.

இதை எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் சொன்னதுதான் வினை.

"மாஸ்டர், இதைச் சங்கத்தின்ர ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ. எல்லாம் எங்கட சொல்லுத்தான் எண்டு சனம் அறியட்டும்."

எழுதினேன். தலைக்கு அவர்கள் சொல்லும் 'கியவுன்' நமது 'சென்னி' என்றேன். கோட்டையைக் குறிக்கும் 'டூன்' நமது 'குன்று' என்றேன். ஆதாரம் எதுவும் இல்லை. ஏழு பெயர்கள் இசைந்தன, மற்றவை இசையவில்லை. யாரும் கேட்டுவிடக்கூடாதென்று இசையாதவை இருந்த தாள்களைக் கிழித்தேன். மலர் வெளியான நாளில் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வசந்தத்தில் பேத்தி வருகிறாள் என்று மூதாட்டி தாள்களைக் கேட்டார். தேடுகிறேன் என்று இரண்டு முறை பொய் சொன்னேன். மூன்றாம் முறை அவர் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் உள்ளே போய்க் கதிரையில் அமர்ந்தார். பிறகு, "பேனாவை எடும். படகுத்துறையில் இருந்து நடப்போம்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். கதிரையில் இருந்தபடியே கரையோரம் நடந்தார். ஒரு பெயரைச் சொல்லி முடித்ததும் அடுத்தது தானாக வந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினார், மூக்குப் பாறையில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பினார். ஸ்காபரோவின் எட்டாம் மாடியில் ஒரு கடற்கரை முழுவதும் என் முன்னே விரிந்தது. இப்படி ஒரு நிலப்படத்தை எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டார். "இங்கே ஒன்று இருக்கிறது. தாண்டினது காலுக்குத் தெரிகிறது, பெயர் வரவில்லை."

அந்த வரியை வெறுமையாக விட்டேன்.

மலருக்கு மறுப்பு எழுதிக் கொடுத்தேன். "ஏன் மாஸ்டர், நீங்களே எங்களைச் சிறுமைப்படுத்துறியள்?" என்றார் செயலாளர். அச்சிடவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நானே வாசித்தேன். ஒருவரும் கை தட்டவில்லை.

பேத்தி அந்தப் பட்டியலோடு கேப் பிரெட்டன் போனாள். கோடையில் எனக்குத் தொலைபேசினாள். துறையிலிருந்து வரிசையாக நடந்தாளாம், எல்லாம் சொன்ன இடத்திலேயே இருந்தனவாம். வெற்று வரி வரும் இடத்தில் ஓர் ஓடை ஓடுகிறதாம். தாண்டிவிட்டு நின்றேன், அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

நான் கிழித்த தாளில் அது இருந்திருக்கும். தெரியாது என்றேன்.