பதினொரு துவரை மிளார்

என் கணவரை நடக்கவிடாமல் கட்டிலில் போட்டு வைத்தவள் நான். அவரால் நடக்க முடியும் என்று தெரிந்தே செய்தேன்!

ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். தயவுசெய்து ஆறுதல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. கேழ்வரகும் துவரையும் போடுவோம். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு வலக்கை நடுங்கத் தொடங்கியது. அப்புறம் முகம் இறுகியது, குரல் தேய்ந்தது. கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் நடுக்குவாதம் என்றார். தீர்க்க மருந்து கிடையாது என்றும் சொன்னார். கால்தான் விசித்திரம்... நிலைப்படிக்கு வந்ததும் பசை வைத்தாற்போல ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படியே நிற்பார். பின்னால் நானும் நிற்பேன். ஒருமுறை மாட்டுத் தொட்டியருகே விழுந்தார். தூக்கிய என் இடுப்பு அன்றோடு போயிற்று. அதன்பின் கட்டில்தான்.

கட்டிலில் உட்காரவைத்தால் வைத்த இடத்தில் இருப்பார். நான் காட்டுக்குப் போகலாம். களை எடுத்துவிட்டு, வரப்பில் பெண்களோடு வெற்றிலை போட்டுச் சிரிக்கலாம். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்...

ஒரு நாள் மழை விட்டதும், அடுப்பெரிக்க வைத்திருந்து நனைந்துபோன துவரை மிளார்களை, அந்த நீளக் குச்சிகளை, ஓரடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வாசலில் காயவைத்தேன். காற்றாடட்டும் என்று அவரைத் தூணைப் பிடிக்கவைத்து நிறுத்தினேன். உள்ளே போய்த் திரும்புகிறேன்... ஐயோ, மனிதர் நடக்கிறார்! ஒரு மிளாரைத் தாண்டினார், அடுத்ததை, அதற்கடுத்ததை. பதினொன்றையும் தாண்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக அசையாத முகம் சிரித்தது.

தரையில் வரிசையாக மிளார் கிடந்தால் ஒட்டிய கால் எழும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மிளார் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்தேன். ஈரம் காயாததால் அன்று உலை கொதிக்க வெகு நேரமாயிற்று.

விழுந்துவிடுவாரே என்ற பயமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! அவர் நடந்தால் நாள் முழுக்க நான் பின்னாலேயே நடக்க வேண்டும். என் ஒரு மணி நேரம் போய்விடும். அவ்வளவுதான்...

இரண்டு வருஷம் கட்டிலிலேயே கிடந்தார். முதுகில் புண் வந்தது. கழுவினேன், கூழ் கரைத்து ஊட்டினேன், வேறெதிலும் குறை வைக்கவில்லை. அவர் போன அன்று பக்கத்து வீட்டுக் கௌரம்மா, கன்னடக்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னாட்டம் பாத்துக்க யாரால ஆவும்?" என்று அழுதாள். நானும் அழுதேன். மறுத்து ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை... இத்தனை வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருப்பது இனிமேல் சொல்லப்போவதுதான்.

மிளார்களை எரித்த மூன்றாம் நாள். நான் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவர் கூப்பிட்டார். வெறும் மூச்சாகத்தான் வந்தது அந்தக் குரல்.

"புள்ள... அந்த மிளார மறுபடி போடேன். நடந்து பாக்கறேன்."

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது!

"இன்னா, தண்ணியா வேணும்?" என்று எழுந்து போய்ச் சொம்பை எடுத்து வந்து வாயருகே பிடித்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். தாகமில்லை என்று சொல்லவில்லை. சொம்புத் தண்ணீர் முழுவதையும் மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.