வதனா தேடிய புகை

வதனாவுக்கு மனிதர்களைவிட நுரையீரலின் உயிரணுக்களான கலங்களில்தான் நம்பிக்கை அதிகம். அவை பொய் சொல்லா. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடமாக அவளுக்கு இதே வேலை: தட்டில் வளர்ந்த கலங்களின் நடுவே ஒரு கோடு கீறுவாள், மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்ப்பாள். நல்ல கலங்கள் இரு கரையிலிருந்தும் ஊர்ந்து வந்து கீறலை மூடிவிடும். சிகரெட் புகை கரைத்த நீரை விட்டாலோ, இரும்பைத் துருவாக்கும் அதே ஒட்சியேற்றத்தில் நலிந்து, அவை நின்ற இடத்திலேயே நிற்கும். காயம் ஆறாது.

அதனால்தான், நியூமோனியாவிலிருந்து எழும்பிய கணவர் யோகேந்திரன் இரண்டு மாதமாகியும் இருமியபோது அவள் தீர்ப்பே எழுதிவிட்டாள். மனிதர் விட்ட சிகரெட்டைத் திருட்டுத்தனமாகத் தொட்டுவிட்டார்! குண்டசாலை வீட்டில் சட்டைப்பைகளைக் கவிழ்த்தாள், அலுமாரியைக் கிண்டினாள். ஒன்றும் அகப்படாதது எரிச்சலை இன்னும் கூட்டியது.

"சாமியாணை, நான் தொடவே இல்லையப்பா," என்று அவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். செய்த கையோடு இருமினார்.

"சத்தியம் பண்ணிப்போட்டும் இருமுறியளே!"

அன்றோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றுக் கோப்பையை டங்கென்று வைப்பாள். அந்தக் கோபத்திலும் ஒரு கடமையை மட்டும் விடவில்லை. ஊரெல்லாம் டெங்கு என்பதால், பொழுதுபட யன்னல்களைப் பூட்டி அவர் கட்டிலடியில் நுளம்புத்திரி கொளுத்தி வைப்பாள்.

ஒன்பதாம் நாள், ஆராய்ச்சி மாணவி அபீபா ஒரு நுளம்புத்திரியோடு வந்தாள். "மிஸ், இந்தப் புகையையும் கரைச்சுப் பார்ப்பமா?"

"வேற வேலை இல்லையா?" என்று புறுபுறுத்தபடி வதனா தட்டுகளைக் கீறிக் கொடுத்தாள்.

மறுநாள் சுத்தமான தட்டில் கீறல் மூடியிருந்தது. திரிப்புகைத் தட்டில் கீறியது கீறியபடியே கிடந்தது. அபீபா தட்டை மாற்றி வைத்துவிட்டாள் என்று அவளை ஏசிவிட்டு, மீண்டும் கீறினாள். அடுத்த நாளும் அதே கதை. வதனா தேடிய புகை அவள் கொளுத்தியதுதான்.

பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினாள். அறைக் கதவைத் திறந்ததும் புகை மூக்கில் ஏறியது.

"நீர் களைச்சு வருவீர் எண்டு இண்டைக்குத் திரியை நானே கொளுத்திப்போட்டன்," என்றார் யோகேந்திரன், இருமலுக்கு நடுவே சிரித்து. "இனியாவது என்னோட கதையுமன்."

அவள் திரியை முற்றத்தில் எறிந்து செருப்பால் மிதித்தாள். யன்னல்களை அகலத் திறந்தாள்.

"நுளம்பு வரப்போகுது, வதனா!"

"வலை கட்டுறன். அதுக்கு முதல் என்னை நல்லா ஏசுங்கோ," என்றாள்.