வேர் இருந்த வழி

பின்கட்டில் நின்ற அத்தி மரத்தை வெட்டித்தான் தறிக்கூடத்தை எழுப்பினேன். எங்கள் ஊர்ப் பெருமாள் அத்தி மரத் திருமேனியோடு குளத்து நீருக்குள் கெடாமல் சயனித்திருக்கிறார். என் அத்தியின் அடிக்கட்டையோ மழைக்கு மழை காளான் பூத்து, கறையான் ஏறி, விரல் பட்டால் பொடியாகி, மண்ணோடு மண்ணாயிற்று. வேர்களை நான் நினைக்கவேயில்லை.

ஆண்டுகள் சில கழிந்தன. மகளின் முகூர்த்தப் புடவையை வேறு கை தொடலாகாதென்று நானே தறியில் ஏற்றியிருந்தேன். ஐப்பசி அடைமழை. ஒரு காலையில் தறிக்குழிக்குள் கால்களை இறக்கியபோது குளிர்ந்த நீர் கணுக்காலைத் தழுவியது. கால்களைத் தூக்கிப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு.

என் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க இது, ரத்தமாட்டம்? சாமி மரத்த வெட்டாதீங்கன்னு அன்னிக்கே அடிச்சிக்கினேன். தறியில ஏத்துன பாவ அறுத்துடுங்க. இந்தப் புடவைய எம்பொண்ணு கட்ட வேணாம்."

பாதி நெய்த புடவையை அறுக்கக் கை வரவில்லை. தறியை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தேன். மழை ஓசையில், மண்ணுக்கடியில் அந்த மரம் இன்னும் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது.

மறுநாள் குழிநீர் கிளிப்பச்சையாக இருந்தது. வியந்து குழியின் சுவரைத் தடவினேன். ஒரு துளைக்குள் முழங்கை வரை கை சென்றது. வேரின் பட்டை மட்டும் உறைபோல் எஞ்சியிருந்தது. உள்ளிருந்த மரம் முழுதும் மக்கிப் போயிருந்தது. துளை மதிலை நோக்கிச் சென்றது. மதிலுக்கு அப்பால் பட்டுக்குச் சாயமேற்றுபவர் வீடு.

அவரை அழைத்துக் காட்டினேன். என் பாதங்களைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"இன்னாண்ணா, பொண்ணுக்கு முன்னாடி அப்பனுக்கு நலங்கா? முந்தாநாள் அரக்கு, நேத்து கிளிப்பச்ச. எல்லாம் எங்கூட்டு சாயத்தண்ணி. ரத்தம் எங்கயாச்சும் பச்சையா வருமா அண்ணி?"

மனைவி சிரிக்கவில்லை. தானே குழிக்குள் இறங்கித் துளைக்குள் கைவிட்டு, ஒரு பிடி ஈரத்தூளை எடுத்து முகர்ந்தாள்.

"அத்தி வாசனகூட இல்லீங்க. மண்ணு வாசனதான் வருது," என்றாள். பிறகு, "நெய்ங்க."

அவர் சாயநீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார். துளையை நான் அடைக்கவில்லை. புடவை முடியும்வரை அதன் வழியே வந்த குளிர்காற்று, தறியின் மிதிகட்டைமேல் இருந்த என் பாதங்களை வருடிக்கொண்டேயிருந்தது.

நலங்கு அன்று மகளின் கால்களுக்குச் சிவப்பிட்டுக்கொண்டிருந்த மனைவி, நகக்கண்ணில் இன்னும் சாயம் போகாத என் கால்களை ஒருமுறை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.